பெஞ்சு நிறைய இருமல்

கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். பாண்டியம்மாளுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு அவள் குனிந்து கிடந்தாள். முன் சீட்டுப் பெரியவர் எழுந்து, “இப்படி ஜன்னல் ஓரமா வந்துரு ஆத்தா. மலை பஸ்ஸுன்னா அப்படித்தான் இருக்கும்” என்று இடம் மாற்றிக் கொடுத்தார்.

அவளுடைய வாந்திக்கும் மலைக்கும் சம்பந்தமில்லை என்பது அந்த பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு மூன்றாவது முறையாகக் கீழே போகிறோம். மலைமேல் எங்கள் ஊர் போளூரில் வெள்ளனே ஜீப் பிடித்து, கொடைக்கானல் வந்து, அங்கே பஸ் மாறி, மலையடிவாரத்தில் ஓர் ஊர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஊரில் மட்டும் நடப்பது போல ஆகிவிடும்.

முந்தின வாரங்களில் இங்கே நான் எழுதிய, தார் ரோடு போட்ட கதையையும் லாட்ஜில் போர்வை துவைத்த கதையையும் படித்துவிட்டு, கஷ்டத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த வாரம் அவர் என்னை மன்னிக்க வேண்டும். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

பாண்டியம்மாள் என்னோடு கேரட் காட்டில் வேலை பார்த்தவள். வயது முப்பது இருக்கும். மூன்று பிள்ளைகள். புருஷன் போர்வெல் போடும் லாரியோடு வடநாட்டில் சுற்றுகிறான். திருவிழாவுக்கு வந்தான், பத்து நாள் இருந்தான், போனான். அடுத்த மாதம் அவளுக்குத் தள்ளிப் போனது.

அவள் அழவில்லை. கேரட்டைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டே, “இது வேண்டாம்க்கா. மூணையே இழுத்துப் பிடிச்சு வளக்கேன். இன்னொண்ணுக்கு எங்கிட்ட தெம்பு இல்ல” என்றாள். அவ்வளவுதான். புருஷனிடம் போனில் சொல்லியாகிவிட்டது. உன் இஷ்டம், அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள் என்று அவன் லைனைத் துண்டித்துவிட்டான்.

அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில் மருமகள் கலைத்துவிட்டு வந்தாள் என்றால், மாமியார் கேட்கும் முதல் கேள்வி அது யாருடையது என்பதுதான். அந்தக் கேள்வி ஒரு தடவை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு வெளியே போகாது. மூன்று பிள்ளைகளோடு அவள்தான் வெளியே போக வேண்டியிருக்கும்.

முதல் தடவை நாங்கள் கீழே போனபோது புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவன் ராஜஸ்தானிலோ எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறான் என்றோம். போனில் பேசச் சொல்கிறோம் என்றோம். அதெல்லாம் செல்லாது என்றார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள்.

“கையெழுத்துப் போட புருஷன் வரலை. புள்ள மட்டும் எப்படி வந்துச்சாம்?”

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பாண்டியம்மாள் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். நான்தான் பின்னால் ஓடினேன்.

இரண்டாவது தடவை டாக்டர் லீவு. செவ்வாய்க்கிழமை வா என்றார்கள். மூன்றாவது தடவை, அதாவது நான் சொல்ல ஆரம்பித்த அந்தச் செவ்வாய்க்கிழமை, கையெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது வேறு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் இதைச் செய்வார்களாம். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் காய்கறி மண்டியில் அழுகின தக்காளியை நல்ல தக்காளியோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள், அந்த மாதிரி.

எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். நீ என்ன வக்கீலா என்றாள் அந்த அம்மாள். ஆறாவது வரைதான் படித்திருக்கிறேன், ஆனால் எனக்கு இந்தச் சட்டம் தெரியும் என்றேன். பக்கத்தில் நின்ற காவலாளி என் முழங்கையைத் தொட்டு, சத்தம் போடாதீங்க என்றார்.

எல்லா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியையும் நான் சொல்லவில்லை. ரோடு வேலையில் ஜல்லி மிஷினுக்குள் போன என் பாதத்தைத் தைத்து மறுபடி நடக்கவைத்தது கவர்மெண்ட் டாக்டர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். நம்முடைய இடம் அது. அங்கே வைத்து நம்மை விரட்டுகிறார்கள்.

முதல் நாளே பார்த்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும். ஒவ்வொரு விரட்டலுக்கும் ஒரு வாரம், பத்து நாள். வயிற்றுக்குள் இருப்பது செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காது.

லயத்தில் ஒரு அத்தை

எனக்கு இந்தக் கோபம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால், நான் வளர்ந்த அடுக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

என் அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். நான் அவள் வயிற்றில் வந்தேன். அடுக்கம் பக்கத்து காப்பித் தோட்டத்தில் எங்களுக்கு வேலை கொடுத்தார்கள். வரிசையாக இருந்த வீடுகளை அம்மா கடைசிவரை லயம் என்றுதான் சொன்னாள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் லெட்சுமி அத்தை. சொந்த அத்தை இல்லை, லயத்து அத்தை. ஐந்து பிள்ளைகள். ஆறாவது தங்கியபோது, கீழேயிருந்து ஒரு கிழவி வந்து கலைக்கக் குச்சி வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் அத்தையைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, பெரியகுளத்துக்கு இறக்கினார்கள். அப்போது ஒற்றையடிப் பாதைதான். நான் கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். கம்பளி கீழ்ப்பக்கம் நனைந்து, பாதையில் சொட்டிக்கொண்டே போனது. காப்பிப் பழம் நசுங்கின மாதிரி இருந்தது. ரோடு வருமுன்பே திரும்பிவிட்டார்கள்.

அப்போதே சட்டம் இருந்ததாம். ஒரு டாக்டர் முறையாகச் செய்யலாம் என்று இருந்ததாம். லயத்தில் ஒருத்தருக்கும் யாரும் சொல்லவில்லை. எனக்கே முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சொன்னவர் டாக்டரம்மா.

பச்சை பெஞ்சு

டாக்டரம்மாவின் பெயர் வேண்டாம். இருக்கும் தொல்லை போதும் அவருக்கு.

கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மேலே ஏறும் சரிவில் ஒரு ஓட்டு வீடு. இரண்டு அறை. வாசல் வராந்தாவில் ரோட்டைப் பார்த்தபடி நீளமான பச்சை பெஞ்சு. எதிரே காய்கறி கமிஷன் கடை, அதை ஒட்டி டீக்கடை. லாட்ஜ் வேலையை விட்ட பிறகு ஒரு வருஷம் நான் அங்கே கூட்டிப் பெருக்கினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் என் கால் நிற்காது. அங்கேயிருந்தும் போனேன். அதற்காக இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான்.

அறுபதைத் தாண்டியவர். எப்போதும் சாம்பல் நிற ஸ்வெட்டர், கேன்வாஸ் ஷூ. காய்ச்சல், நாய்க்கடி, பிரசவத்துக்கு முந்தின செக்கப், எல்லாம் பார்ப்பார். கருக்கலைப்பும் செய்வார். அதற்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். திருட்டு வேலை ஒன்றுமில்லை. கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, வயது வந்த பெண்ணாக இருந்தால் அவளுடைய கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை என்று அந்தப் பத்திரத்துக்குக் கீழே நிற்கவைத்துத்தான் எனக்குச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் மிஷன் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. தனி ஆள். அதனால்தான் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சொல்ல எந்தக் கமிட்டியும் இல்லை. அதனாலேயே, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பக்கத்தில் நிற்கவும் யாரும் இல்லை.

அங்கே ஒரு வழக்கம். வருகிறவர் எல்லாருக்கும் பிளாஸ்டிக் டோக்கன். பெயரைக் கூப்பிடவே மாட்டார், நம்பர்தான். சளி பிடித்து வந்த ஆம்பளையும் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்து எழுந்துதான் வர வேண்டும். போகும்போது எல்லார் கையிலும் ஒரே மாதிரி காக்கிக் கவர், வாய் மடித்து. ரெண்டு இருமல் மாத்திரை என்றாலும் காக்கிக் கவர்தான். நேரம் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சளிக்கு வந்தவர் வெளியவே நின்னு மருந்து வாங்கிட்டுப் போனா, உள்ள போனவங்க சளிக்கு வரலைன்னு ஆயிடும்ல, சரசு?”

இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இருமல்காரனும் பக்கத்தில் இருப்பவளுக்கு மறைப்பு. அவனுக்கே அது தெரியாது.

என் வாய்

கொடைக்கானலிலேயே இப்படி ஒருவர் இருக்கும்போது பாண்டியம்மாளை ஏன் மூன்று தடவை மலை இறக்கினேன் என்று கேட்பீர்கள். காரணம் நான்தான்.

அதற்கு முந்தின வருஷம். சந்தை முடிந்து போளூர் திரும்பும் ஜீப். பதினெட்டு பேர் அடைந்திருந்தோம். ஒரு பெண் கீழே ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்து கேட்டு அலையவிட்டதைச் சொல்லிப் புலம்பினாள். எனக்குச் சட்டம் தெரியும் என்கிற பெருமை. ஜீப் சத்தத்தை மீறிக் கத்தினேன். நம்ம டாக்டரம்மாகிட்ட போங்க, அங்கே எந்தக் கையெழுத்தும் கேட்க மாட்டாங்க, ஒரே நாளில் சுத்தம் பண்ணி அனுப்பிடுவாங்க என்றேன்.

நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். ஜீப்பில் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி என்று மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது.

பத்து நாளில் அது ‘அந்த ஆஸ்பத்திரி’ ஆகிவிட்டது. காய்ச்சலுக்குப் போன பெண்ணிடம், என்ன விசேஷமா, அங்கேயா போனே என்று கேட்டார்கள். மாமியார்கள் மருமகள்களை அனுப்பவில்லை. ஆம்பளைகளும் வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். பச்சை பெஞ்சு காலியானது. பெஞ்சு காலியான பிறகு, உண்மையிலேயே அவர் தேவைப்பட்ட பெண்கள்கூட அந்த வாசலில் ஏற முடியவில்லை. ஏறினால் எதற்கு ஏறினாள் என்று ரோட்டுக்கே தெரியும். பள்ளங்கி கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் டீக்கடை ஓரத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக டாக்டரம்மா ஒரு தடவை போனில் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

வீட்டுக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். நோயாளியே வராத இடத்தைச் சீசனுக்கு முன்னால் காலி செய்து கொடுத்தால் காட்டேஜ் ஆக்கிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

பாண்டியம்மாளுக்கு இன்னொரு முள். அவள் புருஷனின் அண்ணன் தங்கவேல், எதிரே அந்தக் கமிஷன் கடையில் லோடுமேன். மூட்டை இல்லாத நேரமெல்லாம் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார், பெஞ்சைப் பார்த்தபடி. அவர் பார்த்தால் அன்றைக்கே மாமியாருக்குப் போய்விடும்.

“காலியாக் கெடக்கிற பெஞ்சுல நான் ஒருத்தி போய் எப்படிக்கா உக்காருவேன்?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வலி

மூன்றாவது தடவை விரட்டப்பட்ட மறுநாள் நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வாரக் கணக்கைக் கேட்டார். மாத்திரைக்கு நாள் தாண்டிவிட்டது, இனி உள்ளே வைத்துத்தான் செய்ய வேண்டும், இன்னும் தள்ளினால் தன்னிடமும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டி வா என்றார். சந்தை நாள் என்பதால் ஞாயிறும் திறந்திருப்பார்.

அன்றைக்குக் காட்டில் டீ குடிக்க உட்கார்ந்தபோது நான் எல்லாரையும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர பன்னிரண்டு பெண்கள். ‘அந்த ஆஸ்பத்திரி’ என்று சொன்ன வாய்கள் இவைதான். சொல்லக் கற்றுக் கொடுத்த வாய் என்னுடையது. பாண்டியம்மாள் தள்ளிப்போய் வரப்பில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். டீ வாசனையே அவளுக்கு ஆகாது.

அவள் பேச்சை நான் எடுக்கவே இல்லை. யார் யாருக்கு உடம்பில் என்ன கோளாறு என்று மட்டும் கேட்டேன். கேரட் காட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பெண் கிடையாது. ஒருத்திக்கு மருந்தடித்து மருந்தடித்து விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. ஒருத்திக்கு மாசக்கணக்கில் இருமல். ஒருத்திக்குப் பல். எல்லாம் பழகிப்போய், வேப்பெண்ணெயோடும் கிராம்போடும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வருகிற சந்தைக்குப் போகும்போது எல்லாரும் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வருவோம் என்றேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கா என்று ஒருத்தி இழுத்தாள்.

முனியம்மா என்று, எனக்கு அடுத்தபடி எங்கள் கூட்டத்தில் மூத்தவள். வாய் ஓயாதவள். ஜீப்பில் நான் சொன்னதை ஊர் முழுக்கக் கொண்டுபோனதில் பாதி வேலை அவளுடையது. அவள் வரப்புப் பக்கம் திரும்பி, பாண்டியம்மாளின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரில் மிச்சமிருந்ததை மண்ணில் ஊற்றினாள்.

“எனக்கு ரெண்டு வருஷமா முழங்கால் வலி, சரசக்கா. வர்ற ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப வலிக்கும்னு நினைக்கேன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக அவளவள் வலியைச் சொன்னாள். காரணம் ஒருத்தியும் கேட்கவில்லை. எத்தனை பேருக்குப் புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டோக்கன் ஐந்து

ஒன்பது மணிக்குப் பச்சை பெஞ்சில் இடமில்லை. நாலு பேர் தரையில். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். அவரிடம் நான் ஒருத்தியைத்தான் சொல்லியிருந்தேன்.

“என்ன சரசு, கேரட் ஃபீல்டுல எபிடெமிக்கா?”

இல்லை டாக்டர், எல்லாம் பழைய வலி என்றேன். அவர் வரிசையாகப் பார்த்தார். முனியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு முனகினாள், கொஞ்சம் அதிகமாகவே. டாக்டரம்மா உள்ளே போய் முதல் நம்பரைக் கூப்பிட்டார்.

வந்தவர்களைச் சும்மா உட்காரவைத்து அனுப்புவார் என்று நான் நினைத்தது தப்பு. ஒவ்வொருத்தியையும் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, கையைப் புரட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, நிதானமாகப் பார்த்தார். இருமல்காரிக்குச் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முழங்காலோடு போன முனியம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, பிரஷர்தான் ஏகமாக இருந்தது. வெளியே வந்தபோது முனகலைக் காணோம். முகம் சுண்டிப்போயிருந்தது.

ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டதும் பாண்டியம்மாள் எழுந்து போனாள். இடையிடையே ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று ஆட்கள் முன் அறையில் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் உள் அறையில். உள்ளே டாக்டரம்மாவின் குரல் கேட்டது, கேள்வி கேட்கிற குரல். வேறு யாருடைய கையெழுத்தையும் கேட்காமல், உனக்கு இது வேண்டாம் என்பது உறுதிதானா, யாராவது வற்புறுத்தினார்களா என்று அவளிடமே கேட்டதாகப் பாண்டியம்மாள் பிறகு சொன்னாள். இத்தனை நாள் அலைந்ததில் யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

வேலை முடிய அதிக நேரம் ஆகவில்லை. படுத்து எழுந்திருக்கத்தான் நேரம் வேண்டும். நாங்கள் பெஞ்சை விட்டு நகரவில்லை. பார்த்து முடித்தவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

எதிரே டீக்கடையில் தங்கவேல். முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். ரோட்டைக் கடந்து நேரே வந்தார்.

எங்க ஊர்ப் பொம்பளைக எல்லாம் இங்கே கெடக்கீங்க, பாண்டியம்மாளை எங்கே காணோம் என்றார். மயக்கமாக வந்தது, உள்ளே குளுக்கோஸ் ஏறுகிறது என்றேன். குளுக்கோஸ் என்றால் எங்கள் பக்கம் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அவரும் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

“இந்த டாக்டரம்மாவப் பத்தி என்னமோ சொன்னாங்களே” என்றார்.

“என்ன சொன்னாங்க?” முனியம்மா தலையைத் தூக்கினாள். “பிரஷர் நல்லாப் பாப்பாங்கன்னா? ஆமா, பாக்காங்க.”

தங்கவேல் வலது கையை முன்னால் நீட்டினார். பெட்டி ஆணி குத்தின கட்டைவிரல். வீங்கி, நகத்தைச் சுற்றி மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. எட்டு நாளாகத் துணி சுற்றி மூட்டை தூக்கியிருக்கிறார்.

“இதெல்லாம் பாப்பாங்களா?”

முனியம்மா நகர்ந்து இடம் விட்டாள். நான் டோக்கன் எடுத்துக் கொடுத்தேன். எந்த மனிதருக்குப் பயந்து நாங்கள் மூன்று தடவை மலை இறங்கினோமோ, அவர் பெஞ்சின் ஓரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பதினைந்தாம் நம்பராக.

அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பாண்டியம்மாள் வெளியே வந்தாள். கையில் காக்கிக் கவர். அவரைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். பக்கத்தில் முனியம்மாவின் மடியிலும் அதே கவர். அந்தப் பக்கத்துக்காரியின் மடியிலும் அதே கவர்.

அவள் தாண்டிப் போவதற்காக முழங்காலை மடக்கிக்கொண்டார்.

“வெறும் வயித்தோட கெடந்தா மயக்கம் வரத்தான செய்யும். இட்லி வாங்கித் தின்னுட்டு வெரசா ஊருக்குப் போ. மழ வருது.”

“சரிங்க மாமா” என்றாள்.

அடுத்த வாரமும்

எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, “இது ஒருநாள் கூத்தா சரசு, இல்ல அடுத்த வாரமும் வருவீங்களா?” என்றார்.

அந்தக் கேள்வியை உங்களிடம் தள்ளிவிடத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சட்டம் கொடுத்த ஒன்றை வாங்க ஒரு பெண் ஏன் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் ஒளிய வேண்டும்? இருமலுக்குத் தலைநிமிர்ந்து போகிறவள் இதற்கு ஏன் தலைகுனிந்து போக வேண்டும்? எனக்கு இதில் பெருமை ஒன்றுமில்லை. ஒளியத் தேவையில்லாத நாள் வரும்போது அந்தப் பச்சை பெஞ்சை நானே உடைத்து அடுப்பு எரிப்பேன். அதுவரை அது நிறைந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தனி டாக்டர் இருப்பார். சின்னப் பலகை, பழைய வீடு. ‘அந்த ஆஸ்பத்திரி’ என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். உங்கள் காய்ச்சலை அங்கே கொண்டுபோங்கள். உங்கள் அம்மாவின் சர்க்கரையை அங்கே பாருங்கள். ஆம்பளைகளும் போங்கள், முக்கியமாக ஆம்பளைகள். அந்த டாக்டருக்கு வீடு கொடுத்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லுங்கள். கவுண்டரில் எவளையாவது புருஷன் கையெழுத்து கேட்டு விரட்டினால், வரிசையில் நின்று சிரிக்காதீர்கள். சட்டத்தில் அப்படி இல்லை என்று உரக்கச் சொல்லுங்கள். அங்கே உரக்கச் சொல்லலாம். ஜீப்பில் வேண்டாம். யார் எங்கே போனாள் என்பதை மட்டும் ஜீப்பில் சொல்லவே வேண்டாம். அதை நான் சொல்லி, எத்தனை பேர் டீக்கடை ஓரத்தில் நின்று திரும்பிப் போனார்களோ.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு எட்டு பேர் போனார்கள். அதற்கு அடுத்தது ஆறு. தங்கவேல் கட்டு மாற்றப் போனார். கூடவே இரண்டு லோடுமேன்களைக் கூட்டிப் போனாராம். வீட்டுக்காரர் காட்டேஜ் பேச்சை இன்னும் விடவில்லை. சீசன் வரட்டும், பார்ப்போம்.

அந்த முதல் ஞாயிறு, பாண்டியம்மாள் மத்தியானமே ஜீப்பில் போகக் கூடாது, ஒரு நாள் தங்கிப் போகட்டும் என்று டாக்டரம்மா திட்டினார். தங்கினால் மாமியாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடித்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, அவளை ஓரமாக உட்காரவைத்தோம். நடுவில் நான். பின்னால் முனியம்மா கூட்டம், காக்கிக் கவர்களோடு, சந்தைப் பைகளோடு. பூம்பாறையைத் தாண்டியதும் மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது.

காலையிலிருந்து நான் பயத்தில் குடித்த டீ ஐந்தோ ஆறோ. ஒரு வளைவில் வயிறு புரட்டியது. இருபது வருஷமாக அந்த ரோட்டில் போகிறேன், ஒருநாளும் எடுத்ததில்லை. பாண்டியம்மாளின் மடிக்குக் குறுக்கே பாய்ந்து, ஜன்னலில் தலையை நீட்டி எடுத்துத் தீர்த்தேன்.

“என்ன சரசக்கா,” பின்னாலிருந்து முனியம்மா. “இந்த வயசுலயா?”

ஜீப்பே சிரித்தது. டிரைவர் சிரித்ததில் வண்டி ஒரு தடவை ஆடியது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பாண்டியம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பல்லை நான் பார்த்திருக்கவில்லை.

இடுப்பில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இந்தாக்கா, மோந்துக்க. எனக்கு இனி வேண்டாம்.”